கண் தப்பிய இடம்

எத்திராஜுலுவின் படத்தைக் காட்டியபோது அவர் மனைவி வேதவல்லியின் கண்மணி விரியவில்லை. சுருங்கிவிட்டது. நடந்த தப்பு இவ்வளவுதான். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் அவரும் நினைத்தார். நினைத்துவிட்டு, மூன்று வாரமாக வேறு எதையும் நினைக்க முடியாமல் கிடந்தார். மகள் சுகந்தியின் படத்துக்கு விரிந்தது. செத்துப்போன அவள் அம்மாவுக்கு விரிந்தது. காலையில் பால் பாக்கெட் போடுகிற அஞ்சலைக்குக்கூட விரிந்தது. கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டினார்கள், கோடு மேடேறுகிற சரக்கு வண்டி மாதிரி நிதானமாக ஏறி நிதானமாக இறங்கியது. அவர் படம் வந்த இடத்தில் குப்புற விழுந்தது. முன்பின் தெரியாத ஆட்கள் படமும் நடுநடுவே போட்டிருந்தார்கள், அவர்களுக்குக்கூட அப்படி விழவில்லை. பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போன நாளாக அவள் யாரையும் அடையாளம் காட்டவில்லை, அது வேறு. இப்போது அஞ்சலையைத் தெரிகிறது, இவரைத் தெரியவில்லை. அன்றைக்குச் சுகந்தி வீட்டுக்கு வந்து, அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு, மெதுவாக ஆரம்பித்தாள். "உன்னால முடியாதுப்பா. பெங்களூர்ல எங்க வூட்டுப் பக்கத்துலயே அந்த மாதிரி பார்த்துக்கற இடம் இருக்குது. நர்ஸுங்க இருக்காங்க. அம்மாவுக்கு எங்க இருந்தா இன்னா? யாரு செஞ்சாலும் ஒண்ணுதானே அதுக்கு." யார் செய்தாலும் ஒன்று. அவர் எழுந்து பனியனை மாட்டிக்கொண்டு, "கூட்டிக்கினு போ," என்றார். "நீயும் வந்து எங்க வூட்ல இருப்பா." "நான் எதுக்கு?" ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி சொல்லியாகிவிட்டது.

இன்றைக்கு வியாழன். அதே ஆஸ்பத்திரி, அதே இருட்டறை. அந்தச் சோதனை பண்ணிய டாக்டரம்மா நசீமா தானாகவே போன் பண்ணிக் கூப்பிட்டாள். சின்னப் பெண், சுகந்தியைவிடச் சின்னவள். "ஐயா, அன்னைக்கு ஒரு தப்பு நடந்துபோச்சு. மத்த படமெல்லாம் ஒரே அளவு வெளிச்சத்துல சரிபண்ணி வெச்சிருந்தோம். உங்க படம் மட்டும் நீங்க கடைசி நிமிஷத்துல கொண்டாந்தீங்க. அப்படியே போட்டுட்டோம். அது ரொம்ப வெள்ளைப் படம் ஐயா." வெள்ளைப் படம்தான். லோகோ ஷெட்டில் ரிடையர்மென்ட் அன்றைக்கு எடுத்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், கழுத்தில் சம்பங்கி மாலை, இன்ஜின் முகப்பில் அடித்து எகிறிய ஃபிளாஷ். சுகந்தி வீட்டில் எடுத்த படம் ஒன்றைக் கொடுத்திருந்தாள், லுங்கியும் பனியனும் முகத்தில் தாடியுமாக. அதைப் பார்த்து இவருக்குப் பொறுக்கவில்லை. ரெயில் டிரைவராக இருந்த ஒரு மனுஷனை இப்படியா காட்டுவது என்று கூடத்துச் சுவரில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஷெட்டில் வேலை பார்த்த எவன் வீட்டுக்குப் போனாலும் சுவரில் அந்தப் படம்தான் இருக்கும், அதே மாலை, அதே இன்ஜின், தலை மட்டும் வேறு. "வெளிச்சம் பட்டா கண்மணி சுருங்கும் ஐயா, அது யாரா இருந்தாலும். அவங்க கண்ணு சுருங்கினது அந்த வெள்ளைக்கு. உங்களுக்கு இல்ல." அப்படியானால் என்னைத் தெரிகிறது என்று அர்த்தமா என்று கேட்டார். அந்தப் பெண் பொய் சொல்லத் தெரியாத பெண். "தெரியுதுன்னும் அர்த்தம் இல்ல ஐயா. தெரியலன்னும் அர்த்தம் இல்ல. உங்க பொண்ணு குடுத்த படத்தைப் போட்டு மறுபடியும் பார்க்கணும்."

பார்க்கிறார்கள். அவர்தான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். வேதவல்லியின் தாடையை ஒரு தாங்கியில் பொருத்தி, தலை ஆடாமலிருக்க நெற்றியில் பட்டை போட்டாள் நசீமா. "நீங்க இடது பக்கம் அந்தத் துணிக்குப் பின்னாடி உக்காருங்க ஐயா. பேசக் கூடாது, இருமக் கூடாது." வேதவல்லியின் கண்ணெதிரேயே நடந்து போய், பச்சைத் துணியை ஒதுக்கி, உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சுகந்தி அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் பக்கத்தில் நிற்கிறாள். துணிக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி, அதில் நாற்காலிச் சக்கரமும் மனைவியின் கால்களும் தெரிகின்றன. மெட்டி தளர்ந்து விரலின் கணுவில் நிற்கிறது. கால் இளைத்துவிட்டது. காலையில் அவர்தான் தேங்காயெண்ணெய் தடவினார். தடவும்போது காலைப் பார்த்தார். கஞ்சி ஊட்டும்போது ஸ்பூனைப் பார்ப்பார், வாயைப் பார்ப்பார். கண்ணைப் பார்ப்பது ஒரு நொடி. அதில் ஒன்றும் இருக்காது, ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடக்கும், உடனே திரும்பிவிடுவார். வெளியே போனால் நாற்காலிக்குப் பின்னால் நின்று தள்ளுகிற வேலை, அது சௌகரியம். கீக் என்று ஒரு சத்தம். முதல் படம் வந்துவிட்டது போலிருக்கிறது. யாரோ. தெரிந்தவரோ தெரியாதவரோ. இருமல் வருகிற மாதிரி இருக்கிறது, வராது, வந்தால் விழுங்க வேண்டியதுதான். மறுபடி கீக். வேண்டியதைப் பார்த்தால் விரியுமாம், தெரிந்ததைப் பார்த்தால் விரியுமாம், மனசுக்குள் எதையாவது தூக்கிச் சுமந்தாலும் விரியுமாம், நாமாக அடக்க முடியாதாம். அடக்க முடியாதுதான். ரெயில்வே குவார்ட்டர்ஸில் சாயந்தரம் ஆனால் இரண்டு பேரும் ரம்மி ஆடுவார்கள், தோற்றவர் தண்ணீர் டிரம்மை நிரப்ப வேண்டும், எப்போதும் இவர்தான் நிரப்பினார். சீட்டை எடுத்து விசிறியாகப் பிடித்தால் அவள் தன் சீட்டைப் பார்க்க மாட்டாள். இவரைப் பார்ப்பாள். "ஜோக்கர் வந்துடிச்சா?" "யாரு சொன்னா?" "உங்க கண்ணுல கறுப்பு பெருசாயிடிச்சே." "போடி. கண்ணுல இன்னா எழுதியா ஒட்டியிருக்குது?" அடுத்த நாள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவள் சீட்டுக்கட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். மெட்ராஸ் ஐ வந்த மூஞ்சி, மெட்ராஸ் ஐ வந்த மூஞ்சி என்று அடுத்த வீட்டு மங்களத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அன்றைக்கும் அவர்தான் டிரம் நிரப்பினார். எவ்வளவு பார்த்திருக்கிறாள். எத்தனை ஆட்டம். இவர் அவள் கண்ணில் கறுப்பு எப்போது பெரிதாகும் என்று ஒரு தடவை பார்த்திருப்பாரா. சீட்டைப் பார்த்தார். எதிரே இருப்பதைப் பார்க்கத்தான் சம்பளம் கொடுத்தார்கள், தண்டவாளத்தைப் பார், சிக்னலைப் பார், வீட்டுக்கு வந்தும் அந்தக் கண்ணை மாற்றிக்கொள்ளத் தெரியவில்லை.

கீக். இப்போது வந்தது என் படமாக இருக்குமா. இருட்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி, துணியின் மடிப்புகள் தெரிகின்றன. ரெயில்வே ஆஸ்பத்திரியில் டிரைவர்களுக்குக் கண் சோதனை உண்டு, சொட்டு மருந்து விட்டு இப்படித்தான் இருட்டில் உட்கார வைப்பார்கள். கண்மணி அகலத் திறந்துகொள்ளும், மூட வராது. வெளியே வந்தால் வெயில் முள் மாதிரி உள்ளே இறங்கும். ஒரு தடவை, கூட வர வேறு ஆளில்லாமல், அவள் வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார், எதிரே வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது, அதற்குள்ளிருந்து ஒரு கை வந்து மணிக்கட்டைப் பிடித்தது. "கண்ணை மூடிக்கினு வாங்க. நான் இருக்கேன்ல." அரக்கோணம் கடைத்தெரு முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மூஞ்சி தெரியவில்லை, நீலப் புடவை தெரிந்தது, அதுவும் கலங்கின தண்ணீருக்குள் தெரிகிற மாதிரி. கல்லு, படி, சாக்கடை, மாடு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இவர் லைனில் அசிஸ்டென்ட்டோடு சிக்னல் சொல்வது வழக்கம், பார்த்தவன் சொல்ல வேண்டும், மற்றவன் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும், அப்போதுதான் இரண்டு பேரும் பார்த்தார்கள் என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில் "படி," என்று அவள் சொல்ல "படி," என்றார். "மாடு." "மாடு." அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எருமை," என்றாள். அதற்கும் "எருமை," என்றார். "எருமை இல்லீங்க, உங்களைத்தான் சொன்னேன்." லெவல் கிராசிங் வந்தபோது கண் தெளிந்துவிட்டது. கேட் கம்பியில் சிவப்பு வட்டம் நன்றாகத் தெரிந்தது, கேட்மேன் முருகையன் பீடி பற்ற வைப்பது தெரிந்தது. கையை விடவில்லை. இன்னும் மங்கலாக இருக்கிறது என்று சொல்லி, வீட்டுத் தாழ்ப்பாள் வரைக்கும் அப்படியே வந்தார். அவளுக்குத் தெரிந்திருக்கும். கண்ணைப் பார்த்தால் அவளுக்குத் தெரியாதா. தெரிந்தும் படி படி என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். அந்தக் கை. அந்தக் கைதான் வலது கை. இப்போது மடியில் கிடக்கிறது, எடுத்து வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும்.

இன்னொரு கண் ஞாபகம் வருகிறது. வேண்டாம். வரத்தான் செய்யும். வளைவு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் நின்றான் ஒருவன், சட்டையில்லாமல். பிரேக் போட்டார், ஊதலைப் பிடித்து இழுத்தபடியே இருந்தார், வண்டி எங்கே நிற்கும், அது நிற்கிற சாமானா. அவன் கடைசியில் நிமிர்ந்து இவர் கண்ணைப் பார்த்தான். வெகு நாள் சோறு இறங்கவில்லை. "கண்ணைப் பார்த்தாண்டி." அவள் தலையைத் துவட்டிக்கொண்டே, "அவ்வளவு தூரத்துல கண்ணு தெரியாதுங்க. மூஞ்சியே தெரிஞ்சிருக்காது. நீங்களா ஒரு கண்ணை அங்க வெச்சிக்கினீங்க," என்றாள். அது நியாயம்தான் என்று பட்டது, ராத்திரி தூக்கமும் வந்தது. ஆனால் இப்போது இந்த நாற்காலியில் அதே வார்த்தை பின்பக்கமாக வந்து குத்துகிறது. கஞ்சி ஊட்டும்போது சில நாள் அவள் தன்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும். அதுவும் இவராக வைத்துக்கொண்ட கண்தானோ. இல்லாத இடத்தில் ஒரு பார்வையை இவரே ஒட்டவைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிறாரோ. யாரு செஞ்சாலும் ஒண்ணுதானே அதுக்கு. சனியன் பிடித்த வார்த்தை. மகள் வேண்டுமென்று சொல்லவில்லை, அவளும் ஓய்ந்துபோயிருக்கிறாள், வாராவாரம் ஓடி வருகிறாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் அது போக மாட்டேன் என்கிறது.

"இப்போ ரெண்டாவது பகுதி," என்றாள் நசீமா அந்தப் பக்கம். சுகந்திக்குச் சொல்கிறாள், இவருக்கும் கேட்கட்டும் என்றுதான் கொஞ்சம் உரக்கச் சொல்கிறாள். "நாலு மூலையில நாலு படம் வரும். அப்புறம் எல்லாம் போயிடும், திரை காலியா இருக்கும். நான் ஒருத்தரைச் சொல்லி எங்கன்னு கேப்பேன். ஞாபகம் இருந்தா, படம் இல்லாட்டியும், இருந்த மூலைக்குக் கண்ணு போகும்." "ஒண்ணும் இல்லாத இடத்துக்கா?" என்றாள் சுகந்தி. போகும். இதற்கு இவர் சாட்சி சொல்வார். சோளிங்கர் தாண்டி ஒரு கைகாட்டி மரம் இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு வேறொரு இடத்தில் விளக்கு சிக்னல் போட்டார்கள். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் அந்த லைனில் ஓட்டியிருக்கிறார், ரிடையர் ஆன பின்னால் ஜன்னலோரம் பிரயாணியாக உட்கார்ந்து போயிருக்கிறார், அந்தப் புளியமரம் வந்ததும் கண் தானாக இடப்பக்கம் எழும்பும். அங்கே வானம்தான் இருக்கும். கை இறங்கியிருக்கிறதா என்று வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும். பெங்களூருக்கு இவள் போய்விட்டால் வீட்டில் அந்தக் கட்டிலை எடுத்துவிடுவார்கள், ஆஸ்பத்திரிக் கட்டில், வாடகைக்கு வாங்கியது. அப்புறம் காலையில் எழுந்ததும் கண் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். ஜன்னலுக்குக் கீழே வெறும் தரை. தரையைப் பார்த்துவிட்டுப் பல் விளக்கப் போக வேண்டும். ஒருத்தன் எத்தனை நாள் தரையைப் பார்ப்பான். இருமக் கூடாது.

"வேதவல்லி அம்மா," என்றாள் நசீமா. "உங்க பொண்ணு எங்க?" பிறகு மெதுவாக, "போச்சு. சரியா அந்த மூலைக்கு," என்றாள். சுகந்தி மூக்கை உறிஞ்சினாள். போகட்டும். பெற்றவளுக்குப் பிள்ளையைத் தெரியாமல் போகுமா, சந்தோஷம். "உங்க அம்மா எங்க?" அதற்கும் போயிற்று. அவர் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். துணிக்கு அடியில் மெட்டி அசையவில்லை. "வேதவல்லி அம்மா, உங்க வீட்டுக்காரர் எங்க?" என்ன கேள்வி. எங்கே இருந்தார் வீட்டுக்காரர். குண்டக்கல்லில், கூடூரில், ஜோலார்பேட்டையில் டிரைவர்கள் படுக்கிற ரன்னிங் ரூமில் கொசுக்கடியில். சுகந்தி பிறந்தபோது எங்கே. லைனில். இதே கேள்வியை எத்தனை பேர் அவளைக் கேட்டிருப்பார்கள், உன் வீட்டுக்காரர் எங்கே என்று. அவளும் சலிக்காமல், டூட்டிக்குப் போயிருக்காரு, டூட்டிக்குப் போயிருக்காரு என்று. மெஷின் கத்த ஆரம்பித்தது. விட்டு விட்டு இல்லை, ஒரே இழுப்பாக. "என்னாச்சு?" என்றாள் சுகந்தி. "கண்ணு தப்பிடுச்சு. கேமராவுக்குக் கிடைக்கல. சில சமயம் கண்ணை மூடினா இப்படி ஆகும்." கத்தலை நிறுத்தினாள் நசீமா. மறுபடி கேட்டாள், அதே குரலில், அதே மாதிரி நிறுத்தி. "உங்க வீட்டுக்காரர் எங்க?" மறுபடி அதே கத்தல். "படம் இருந்த மூலைக்குப் போகல. திரையிலயே இல்ல. கோடு கொஞ்சம் ஏறிச்சு, அதுக்குள்ள தப்பிடுச்சு." மறுபடி கத்தலை நிறுத்திவிட்டு, "களைச்சுப் போயிட்டாங்கன்னு நினைக்கிறேன். இதோட நிறுத்திக்கலாம். இந்தக் கேள்வியைக் கணக்குல சேர்க்க முடியாது," என்றாள்.

முடிந்தது. எத்திராஜுலு எழுந்தார். கால் மரத்துப் போயிருந்தது. அவ்வளவுதான், வெள்ளையுமில்லை கறுப்புமில்லை, படத்தை மாற்றிப் போட்டாலும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை வண்டி வரும். துணிமணி எடுத்து வைக்க வேண்டும், அவளுக்கு அந்தப் பருத்தி நைட்டிதான் ஒத்துக்கொள்ளும், அதைச் சுகந்தியிடம் சொல்ல வேண்டும், கஞ்சியில் உப்புக் குறைவாக, வலது பக்கம் படுக்க வைக்கக் கூடாது, இதெல்லாம் நர்ஸுகளுக்கு யார் சொல்வது. நாற்காலியின் பின்னால் போய் நிற்கலாம் என்று பச்சைத் துணியை இழுத்தார். வளையங்கள் சரசரவென்று ஓடின. அவள் தலை தாங்கியில் அப்படியே இருந்தது, பட்டை நெற்றியை இறுக்கிப் பிடித்திருந்தது, மூஞ்சி நேராகத் திரையைப் பார்த்திருந்தது. கண் மட்டும் நேராக இல்லை. இடது ஓரத்துக்கு ஒதுங்கி, அதற்கு மேல் போக இடமில்லாமல், வெள்ளை தெரிய இழுத்துக்கொண்டு, துணியின் விளிம்பில் நின்றது. துணி விலகியதும் அவர்மேல் வந்து விழுந்தது. ஒரு நொடி பார்த்துவிட்டுத் திரும்புகிற பழக்கத்தில் கழுத்து திரும்பப் பார்த்தது. விடவில்லை. நின்று பார்த்தார். கறுப்பு அகலமாக இருந்தது. இருட்டில் எவன் கண்ணும் அகலமாகத்தான் இருக்கும், அதை வைத்து ஏமாறக் கூடாது, வளையம் ஓடின சத்தத்துக்குப் பார்த்திருப்பாள். ஆனால் துணியை இழுக்கிறதற்கு முன்னாலேயே கண் இங்கேதானே இருந்தது. ஒரு அடி வலப்பக்கம் எடுத்து வைத்தார். கண் வந்தது. இன்னொரு அடி. வந்தது. மெஷின் வைத்திருந்த பெரிய இரும்பு அலமாரி பக்கத்தில் இருந்தது, அதற்குப் பின்னால் போய் மறைந்து நின்றார்.

"சுகந்தி. இப்ப எங்க பார்க்குது?"

"நீ போன எடத்தையேப்பா." பிறகு, "இரு இரு. மாறுது. இந்தப் பக்கம் வருது. அலமாரிக்கு இந்தப் பக்கம் வந்து நிக்குதுப்பா. நீ வெளிய வா, நீ வெளிய வா. நீ வர்றதுக்கு முன்னாடியே இங்க வந்து நிக்குது."

வந்தார். நின்றது.

நசீமா பட்டையைக் கழற்ற மறந்து நின்றாள். "இது எதுவும் பதிவாகல ஐயா. எல்லாமே கேமராவுக்கு வெளியே. என்னால ரிப்போர்ட்ல எழுத முடியாது."

"எழுதாதம்மா. உன்னை யாரு எழுதச் சொன்னா?" என்றார். குனிந்து, தாங்கியில் இருந்த அந்த மூஞ்சிக்கு எதிரே, மூச்சுப் படுகிற தூரத்தில் உட்கார்ந்தார். முழங்கால் வலித்தது, வலிக்கட்டும். சுகந்தி வெளியே போய் யாருக்கோ போன் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டாம், வேண்டாம்னா வேண்டாம்தாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் படம் சரியில்லை, இந்தப் படம் சரியில்லை என்று மூன்று வாரமாக எல்லோரும் படத்தையே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள், டாக்டர், மகள், இவர், எல்லோரும்தான். எங்கே என்று கேட்டதும் படத்தை விட்டுவிட்டு ஆளைத் தேடிப் போனவள் ஒருத்திதான். வேதவல்லி.